வொயிட் எங்கே நிற்கும்?

இந்த வாரம் ஒரு சின்னக் கேள்வி. உங்களுக்கு பூல் ஆடத் தெரியுமா?

'எனக்கு நீச்சலே வராது பாஸ்'னு சொல்றவங்க பக்கத்தைத் திருப்பிடாதீங்க. இது தண்ணி இல்லாத பூல். துணி விரித்த ஒரு மேஜை, 6 ஓட்டை, 15 கலர் பந்து, ஒரு வெள்ளைப் பந்து, கையில் நீளமா ஒரு குச்சி. அவ்ளோதான் மேட்டர்.

எங்க திருச்சியில் நான் போகும் பூல் பார்லர் ஒரு மொபைல் கடைக்கு மேலே, இரண்டாவது மாடியில் இருக்கிறது. மொத்தம் 3 டேபிள். ஒரு டேபிளுக்கு மேலே ட்யூப்லைட் கண் சிமிட்டிக்கொண்டே இருக்கும். மதியம் 2 மணிக்கு மேல் போனால் பாதி கூட்டம் எங்க காலேஜ்தான். யார் யார் எந்த ஹவரை கட் அடித்தார்கள் என்ற அட்டெண்டன்ஸை அங்கேயே எடுத்துவிடலாம். நான் முதல் வருஷம் இரண்டாவது செமஸ்டரில் அங்கே காலடி வைத்தேன். அடுத்த வருஷம் முடிவதற்குள் கொஞ்சம் நல்லாவே ஆடப் பழகியிருந்தேன். அதே நேரத்தில் ஒரு அரியரும் வாங்கியிருந்தேன். இரண்டுக்கும் சம்பந்தம் உண்டா என்று அப்பா கேட்டார். கோர்ட்டில் கேட்டால் சொல்கிறேன் என்று நான் மனசுக்குள் சொல்லிக்கொண்டேன்.

நிற்க. இந்த வாரக் கதை என்னைப் பற்றியது இல்லை. என் சித்தி பொண்ணைப் பற்றியது. வயசு 12, ஏழாம் வகுப்பு. 'பேரைப் போட்டா அவ்ளோதான்' என்று மிரட்டியிருப்பதால் இங்கே அவள் பெயர் வாண்டு.

கீரை ஆய்ந்த பார்லர்

2025 கோடை விடுமுறை. வாண்டுவுக்குப் பொழுது போகவில்லை. எனக்கோ பார்லர் போகாமல் கை நமநமக்கிறது. 'நானும் வரேன்ணா' என்று ஒரு வாரம் நச்சரித்தாள். சித்தப்பா ஒரே வார்த்தையில் முடித்தார்: "பொம்பளைப் பிள்ளையைக் கூட்டிட்டுப் போற இடமாடா அது?"

அவரைக் குறை சொல்ல முடியாது. பூல் பார்லர் என்றாலே சினிமாவில் வில்லனோட அடியாட்கள் ஹீரோவிடம் அடி வாங்கும் இடம்தானே! கடைசியில் சித்தி ஒரு சமரசத் திட்டம் போட்டார். காலையில் 10 மணிக்குக் கடை திறந்ததும் போக வேண்டும், ஒரு மணி நேரம்தான், சித்தியும் கூட வருவார்.

வந்தார். மூலையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, மடியில் செய்தித்தாளை விரித்து, முருங்கைக்கீரை ஆய்ந்தார். தமிழ்நாட்டிலேயே கீரை ஆய்ந்த ஒரே பூல் பார்லர் அதுவாகத்தான் இருக்கும். கடைக்காரர் அண்ணன் ஒரு வார்த்தை சொல்லவில்லை. 'காலையில போணி ஆகுதே தம்பி, அது போதும்' என்றார்.

முதல் நாள் வாண்டு கேட்ட முதல் கேள்வியிலேயே நான் அவுட்.

"அண்ணா, எங்க அடிச்சா அந்தப் பந்து ஓட்டைக்குள்ள போகும்?"

"அது வந்து... பார்த்தா தெரியும்."

"எனக்குத் தெரியலையே."

"அடிச்சு அடிச்சுப் பழகணும்."

"எங்க அடிச்சுப் பழகணும்?"

வசமா மாட்டிக்கிட்டேன். ஒன்றரை வருஷமா ஆடுகிறேன். பந்து உள்ளே போகிறது. எப்படிப் போகிறது என்று யாரும் என்னைக் கேட்டதில்லை, நானும் என்னைக் கேட்டுக்கொண்டதில்லை. பைக் ஓட்டத் தெரிந்தவனிடம் 'பேலன்ஸ் எப்படிப் பண்றே?'னு கேட்டா முழிப்பானே, அந்த முழி.

அன்று ராத்திரி உட்கார்ந்து யோசித்தேன். நெட்டில் தேடினேன். அடுத்த நாள் ஒரு விஷயத்தோடு போனேன். அதுதான் 'பேய்ப் பந்து' டெக்னிக். ரொம்ப சிம்பிள். உள்ளே போக வேண்டிய பந்துக்குப் பின்னால், ஓட்டைக்கு நேர்கோட்டில், இன்னொரு பந்தை ஒட்டி வைத்துவிடுங்கள். அது நிற்கும் இடத்தை நல்லாப் பார்த்துக்கொள்ளுங்கள். இப்போ அதை எடுத்துவிடுங்கள். எடுத்த பந்து இன்னும் அங்கேயே இருப்பதாகக் கற்பனை பண்ணுங்கள். வெள்ளைப் பந்து போய் சரியா அந்தப் பேயோட இடத்தில் உட்கார்ந்தால் போதும். கலர் பந்து தானாக ஓட்டைக்குள் போய்விடும்.

வாண்டுவுக்குப் பேய் ரொம்பப் பிடித்துவிட்டது. மூன்றாம் நாள் முதல் பந்து உள்ளே போனது. 'டொக்'. அந்தச் சத்தம் கேட்டதும் சித்தி கீரையோடு எழுந்துவிட்டார்!

நியூட்டனுக்கு ஒரு டீ சொல்லு

இன்ஜினீயரிங் மக்களுக்காக ஒரு நிமிஷம். ஆர்ட்ஸ் மக்கள் கோபப்படாமல் கூடவே வரலாம்.

வெள்ளைப் பந்தை நடுவில் அடித்து, சுழற்சி எதுவும் இல்லாமல் இன்னொரு பந்து மேல் நேருக்கு நேர் மோதவிட்டால் என்ன ஆகும்? எதிரில் இருந்த பந்து ஓடும். வெள்ளை, பிரேக் போட்ட மாதிரி, அங்கேயே நின்றுவிடும். இரண்டும் ஒரே எடை. அதனால் தன்னிடம் இருந்த வேகத்தைக் கிட்டத்தட்ட மொத்தமாகக் கொடுத்துவிட்டு நிற்கிறது. நேராக மோதாமல் சாய்வாக மோதினால், இரண்டு பந்தும் 90 டிகிரியில் பிரியும். உருண்டு வந்து மோதினால் கணக்கு மாறும். பாதிப் பந்து அளவுக்கு மோதும் வெள்ளை, வந்த பாதையிலிருந்து சுமார் 30 டிகிரி திரும்பிப் போகும்.

இது எல்லாம் நம்ம மெக்கானிக்ஸ் புத்தகத்தில் வரும் அதே மோதல் கணக்குதான். அங்கே 'ஏ' என்ற பந்தும் 'பி' என்ற பந்தும் மோதும்போது எனக்குத் தூக்கம் வந்தது. இங்கே 12 வயசுப் பெண் 'ஏண்ணா நின்னுடுச்சு?' என்று கேட்கும்போது தூக்கம் போயே போச்சு. கோரியாலிஸ் விசை என்று படித்திருப்பீர்களே, அந்த கோரியாலிஸ்தான் 1835-ல் பில்லியர்ட்ஸ் ஆட்டத்தின் கணக்கைப் பற்றி ஒரு புத்தகமே எழுதினார். பெரிய ஆட்களும் நம்மள மாதிரி பார்லர் கேஸ்தான் என்று ஒரு அல்ப சந்தோஷம் எனக்கு.

இன்னொரு விஷயம். பூல் ஆட்டத்தோட ஒன்றுவிட்ட அண்ணன் ஸ்னூக்கர். அது வெளிநாட்டுச் சரக்கு என்று நினைப்போம். பிறந்தது நம்ம நாட்டில். 1875-ல் ஜபல்பூரில் இருந்த ஆங்கிலேய ராணுவ அதிகாரி நெவில் சேம்பர்லின் ஆரம்பித்து வைத்தது. (பிரிட்டிஷ் பிரதமரா இருந்தாரே, அவர் வேற.) அதன் விதிகளை எழுதி வைத்தது எங்கே தெரியுமா? நம்ம ஊட்டி கிளப்பில்! இதைச் சொன்னதும் சித்தப்பா முகத்தில் லேசாக ஒரு மாற்றம். 'ஊட்டியா?' என்றார். அவ்வளவுதான். ஆனால் அதற்குப் பிறகு அவர் 'அந்த இடம்' என்று சொல்வதை நிறுத்திக்கொண்டார்.

அந்த ஒரு சாயந்திரம்

இதுவரைக்கும் ஜாலியா போச்சு. இனிமே கொஞ்சம் கஷ்டமான ஏரியா.

லீவு முடியும் நேரம். சித்திக்கு ஏதோ கல்யாண வீடு. 'சாயந்திரம் ஒரு ஆட்டம் போலாம்ணா' என்றாள் வாண்டு. கூட்டிக்கொண்டு போனேன். பக்கத்து டேபிளில் என் கிளாஸ் பசங்க 4 பேர். 'டேய், கோச்சு வந்துட்டாருடா!' என்று ஆரம்பித்தார்கள். கோச்சு என்றதும் எனக்கும் கொஞ்சம் நெஞ்சு நிமிர்ந்தது. வாண்டு திறமையைக் காட்ட வேண்டும் என்று ஆசை. நல்லா யோசித்தால், என் திறமையைக் காட்டத்தான் ஆசை.

அன்றைக்கு என்று அவளுக்கு எதுவும் போகவில்லை. பசங்க பார்க்கிறார்கள் என்ற பதற்றம் அவளுக்கும் இருந்திருக்கும். ஒரு சுலபமான பந்து. ஓட்டைக்கு வாசலில் நிற்கிறது. ஓங்கி அடித்தாள். பந்தும் போனது, அதன் பின்னாலேயே வெள்ளையும் உள்ளே போனது. ஃபவுல். பசங்க சிரித்தார்கள்.

"அறிவிருக்கா? எத்தனை தடவை சொல்றது?"

நான்தான் கத்தினேன். கடை மொத்தமும் திரும்பிப் பார்த்தது. வாண்டு அழவில்லை. குச்சியைத் துடைத்து ஸ்டாண்டில் வைத்தாள். சாக்பீஸை எடுத்து மேஜை ஓரத்தில் வைத்தாள். 'வீட்டுக்குப் போலாம்ணா' என்றாள். வண்டியில் வரும்போது ஒரு வார்த்தை பேசவில்லை.

ராத்திரி தூக்கம் வரவில்லை. நான் கத்திய அந்த வாக்கியம் எங்கேயோ கேட்ட மாதிரியே இருந்தது. எங்கே என்று ஞாபகம் வந்தபோது எழுந்து உட்கார்ந்துவிட்டேன். என் இரண்டாம் வருஷ லேப். ஒரு ரீடிங் தப்பா எடுத்துவிட்டேன். 30 பேர் முன்னால் ரெக்கார்ட் நோட்டைத் தூக்கிப் போட்டு ஒருவர் என்னிடம் சொன்ன அதே வாக்கியம். ஒரு எழுத்துகூட மாறவில்லை. அதற்கு அப்புறம் அந்த லேபில் நான் ஒரு சந்தேகம்கூடக் கேட்டதில்லை. கடைசி பெஞ்சில் இருந்து அடுத்தவன் ரீடிங்கைப் பார்த்து எழுதினேன். அரியர் எந்த சப்ஜெக்ட்டில் என்று நீங்கள் கண்டுபிடித்திருப்பீர்கள். அதே ஆள் எடுத்த சப்ஜெக்ட்தான்.

அவரை எவ்வளவு திட்டியிருக்கிறேன்! கையில் ஒரு குச்சி கிடைத்ததும் நானும் அவராக மாற எனக்குத் தேவைப்பட்டது ஒரு கோடை விடுமுறை.

முகத்தைப் பார்க்காதே

10 நாள் வாண்டு பார்லர் பேச்சே எடுக்கவில்லை. பதினோராம் நாள் ஒரு ஐஸ்கிரீம் வாங்கிக்கொண்டு சித்தி வீட்டுக்குப் போனேன். 'ஸாரி' சொல்வது எவ்வளவு கஷ்டம் தெரியுமா மக்களே? அதுவும் நம்மைவிட 8 வயசு சின்னவளிடம். மூன்று தடவை தொண்டையைக் கனைத்து, கிரிக்கெட் ஸ்கோர் எல்லாம் பேசி, கடைசியில் சொல்லிவிட்டேன். 'தப்பு என் மேலதான். பசங்க சிரிச்சதும் எனக்கு அசிங்கமாயிடுச்சு. அதை உன் மேல காட்டிட்டேன்.'

ஐஸ்கிரீமை முடிக்கும் வரை அவள் எதுவும் சொல்லவில்லை. அப்புறம் சொன்னாள்.

"வரேன். ஆனா நான் அடிக்கும்போது நீ எதிர்ல நிக்கக் கூடாது."

"ஏன்?"

"அடிச்சதும் பந்தைப் பாக்க முடியலண்ணா. உன் மூஞ்சியத்தான் பாக்கத் தோணுது."

யோசித்துப் பார்த்தால் அது அப்படியே உண்மை. ஒவ்வொரு ஷாட்டுக்கும் தலையைத் தூக்கிவிடுகிறாள் என்று நான் நூறு தடவை திட்டியிருக்கிறேன். பூலில் அதுதான் பெரிய தப்பு. அடித்து முடிக்கும் வரை தலை அசையக் கூடாது. தலை எழுந்தால் தோள் எழும், தோள் எழுந்தால் குச்சி கோணும். அவள் ஏன் தூக்குகிறாள் என்று நான் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. தூக்கியது என் முகத்தைப் பார்க்க. பாஸா ஃபெயிலா என்று தெரிந்துகொள்ள.

அடுத்த நாளிலிருந்து நான் அவளுக்குப் பின்னால் நின்றேன். வாயையும் மூடிக்கொண்டேன். அடிப்பதற்கு முன்னால் ஒரே ஒரு கேள்வி மட்டும்தான் கேட்பது என்று முடிவு செய்தேன்.

"வொயிட் எங்கே நிற்கும்?"

பூல் ஆடுகிறவர்களுக்கு இந்தக் கேள்வியோட மதிப்பு தெரியும். ஒரு பந்தைப் போடுவது பாதி வேலை. போட்ட பிறகு வெள்ளை எங்கே போய் நிற்கிறது, அங்கிருந்து அடுத்த பந்து சுலபமா என்பதுதான் மீதி வேலை. நம்மில் பல பேர் முதல் பாதியிலேயே பிள்ளையார் சுழி போட்டு சுபம் போட்டுவிடுவோம். செமஸ்டரும் அப்படித்தானே! இந்தப் பரீட்சை முடிந்தால் போதும். அப்புறம் எங்கே நிற்போம் என்ற கவலை கிடையாது.

முதல் வாரம் வாண்டுவின் பதில்: 'தெரியாது.' இரண்டாம் வாரம்: 'அந்தப் பக்கம் எங்கயாவது.' பள்ளிக்கூடம் திறந்த பிறகு ஞாயிற்றுக்கிழமை காலை மட்டும்தான். அதுவும் எல்லா ஞாயிறும் கிடையாது. ஆனால் ஆகஸ்ட்டில் ஒரு நாள், கேள்வியே கேட்காமல், துணி மேல் ஒரு விரலை வைத்து 'இங்க' என்றாள். மெதுவாக அடித்தாள். கலர் பந்து உள்ளே போனது. வெள்ளை ஒரு குஷனைத் தொட்டு, திரும்பி, சோம்பேறித்தனமாக உருண்டு வந்து, அவள் காட்டிய இடத்துக்கு ஒரு சாண் தள்ளி நின்றது.

அவள் திரும்பி என் முகத்தைப் பார்க்கவில்லை. வெள்ளையையே பார்த்துக்கொண்டு நின்றாள். எனக்குத்தான் யாராவது என் முகத்தைப் பார்க்க மாட்டார்களா என்று இருந்தது!

எனக்கு என்ன கிடைத்தது?

சும்மா தர்மத்துக்குச் சொல்லிக்கொடுத்தேன் என்று நினைக்காதீர்கள். லாபக் கணக்கு இதோ.

ஒன்று, என் ஆட்டம் தேறியது. மெதுவாக அடி, மெதுவாக அடி என்று அவளிடம் சொல்லிச் சொல்லி, நானும் மெதுவாக அடிக்க ஆரம்பித்தேன். அதற்கு முன் எனக்குத் தெரிந்த ஒரே வேகம் டாப் கியர். இரண்டு, ஒரு நாள் வாண்டு சர்வசாதாரணமாகச் சொன்னாள்: 'அண்ணா, நீயும் தலையத் தூக்குற.' வீடியோ எடுத்துப் பார்த்தேன். தூக்குகிறேன்! மூன்று, அந்த அரியர் பேப்பருக்கு ஜூனியர் பையன் ஒருவனுக்கும் சேர்த்துச் சொல்லிக்கொடுத்துப் படித்தேன். 'எனக்குத் தெரியும்' என்று நினைத்த பாதி விஷயம் அவன் கேள்வி கேட்டபோதுதான் தெரியாது என்று தெரிந்தது. பாஸா என்று கேட்காதீர்கள். எழுதியிருக்கிறேன். ரிசல்ட் இன்னும் வரலை.

2025 நவம்பரில் தோஹாவில் நடந்த உலக ஸ்னூக்கர் போட்டியில் சென்னைப் பெண் அனுபமா ராமச்சந்திரன் பெண்கள் பட்டம் வென்ற செய்தி வந்தது. அந்த செய்தித்தாளை வெட்டி வாண்டுவின் பீரோ கதவில் ஒட்டியது யார் என்கிறீர்கள்? சித்தப்பா. அவர் இதைப் பற்றி யாரிடமும் எதுவும் பேசவில்லை. பசை போடும்போது மாட்டிக்கொண்டார்.

நீங்களும் வாத்தியார் ஆகணுமா?

பூலோ, கேரமோ, கிடாரோ, சி ப்ளஸ் ப்ளஸ்ஸோ, ஒரு பொடிசுக்குச் சொல்லிக்கொடுக்க உட்காரும் முன் என் அனுபவத்தில் ஐந்து:

* கூட்டம் இல்லாத நேரத்தில் ஆரம்பியுங்கள். வேடிக்கை பார்க்க நாலு பேர் இருந்தால் நீங்கள் சொல்லிக்கொடுக்க மாட்டீர்கள், ஷோ காட்டுவீர்கள்.
* ஒரு நாளைக்கு ஒரு விஷயம்தான். கை, கால், கண், குச்சி என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னால் எதுவும் நிற்காது.
* ஓட்டைக்குப் பக்கத்துப் பந்திலிருந்து ஆரம்பியுங்கள். 'டொக்' சத்தம் சீக்கிரம் கேட்க வேண்டும்.
* தப்பு நடந்ததும் நீங்கள் வாயைத் திறக்காதீர்கள். 5 வரை எண்ணுங்கள். பல தடவை அவர்களே காரணத்தைச் சொல்லிவிடுவார்கள்.
* எதிரில் நிற்காதீர்கள்.

இந்தப் பொங்கல் லீவில் ஒரு காலைநேரம் பார்லருக்குப் போனால், வாண்டு எனக்கு முன்னாலேயே அங்கே ஆஜர். கூடவே பக்கத்து வீட்டுப் பையன், நாலாம் வகுப்பு. சித்தி வழக்கம்போல மூலை நாற்காலியில், அன்றைக்கு மொச்சை உரித்துக்கொண்டிருந்தார். பையனுக்கு மேஜை எட்டவில்லை. கடைக்கார அண்ணன் ஒரு பழைய ஸ்டூலைப் போட்டிருந்தார். அடிக்கும்போது ஒரு காலாவது தரையில் இருக்க வேண்டும் என்பது ரூல். 'ஸ்டூலும் தரைதான்' என்று அண்ணனே தீர்ப்பும் சொல்லிவிட்டார்.

வாண்டு அவனுக்குப் பின்னால் நின்றாள். நான் கதவு ஓரத்திலேயே நின்றுவிட்டேன்.

"வொயிட் எங்க நிக்கும்?" என்று கேட்டாள்.

"தெரியாதுக்கா" என்றான் பொடியன், பயந்துகொண்டே.

"பரவால்லடா. அடி, பார்ப்போம்."

கேள்வி என்னுடையது மக்களே. அந்த 'பரவால்ல' இருக்கிறதே, அது நான் சொல்லிக்கொடுத்தது இல்லை.

அடுத்த வாரம் சந்திப்போம்!